புதுப்பிப்பு: சில்ட்ரன் ஆஃப் தி சன், பாதி தாண்டிய பிறகு

முதல் பதிவில் 2024-இல் வந்த இந்த வீடியோ விளையாட்டின் தொடக்கக் கட்டங்களைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு தோட்டா; அதை வைத்தே எல்லா எதிரிகளையும் வீழ்த்த வேண்டும். அது ஒருவரைத் துளைத்ததும், அந்த இடத்திலிருந்தே அடுத்தவரைக் குறிவைக்கலாம். இந்த ஒரே உத்தி சலிக்காதா என்று கேட்டிருந்தீர்கள்.

சலிக்கவில்லை. போகப் போகத் தோட்டாவைப் பறக்கும்போதே வளைக்க முடிகிறது. கவசம் போட்டவர்கள் வந்ததும் கணக்கே மாறிவிடுகிறது: தோட்டா தூரத்திலிருந்து வேகம் பிடித்து வந்தால்தான் அவர்களைத் துளைக்கும். அதனால் யாரை முதலில் சுடுவது என்பதைவிட, யாரைக் கடைசிக்கு வைப்பது என்பதுதான் உண்மையான புதிர். காரின் எரிபொருள் மூடியைச் சுட்டு, அங்கிருந்து தோட்டாவை அடுத்தவரை நோக்கித் திருப்பிவிட்டபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

திரையில் தெரியும் அந்த ஊதா, மஞ்சள் நிறங்கள் வெறும் அலங்காரம் இல்லை. இருண்ட காட்டில் ஆட்கள் மட்டும் பளிச்சென்று தெரிவதால்தான் திட்டம் போட முடிகிறது. (விளையாட்டை உருவாக்கிய ரெனே ரோதர் என்ற ஒருவரின் கற்பனை இது என்பது இன்னும் வியப்பு.)

கதை? ஒரு மதக்குழுவைப் பழிவாங்கும் பெண். பேச்சு குறைவு, அதுவே போதும்.

தொடங்கப்போகிறவர்களுக்கு ஒன்று: சுடுவதற்கு முன் இடமும் வலமும் நடந்து எல்லோரையும் குறித்துக்கொள்ளுங்கள். மறைவில் ஒருவர் விடுபட்டாலும் மொத்தக் கட்டமும் மறுபடி முதலிலிருந்துதான்.