நடைமுக வரைபடம்: ஒரு சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

போகும் திசை மேலே வரும்படி அமைந்த வரைபடத்துக்கு ‘சுழல் வரைபடம்’, ‘தலைநிமிர் வரைபடம்’ என்று இரண்டு தமிழ்ச் சொற்களை இந்தக் குழுவில் நண்பர்கள் முன்வைத்திருக்கிறார்கள். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. ‘நடைமுக வரைபடம்’ என்று வைக்கலாம்.

இந்தப் படம் யாருக்கு வேண்டும் என்று முதலில் பார்ப்போம். வடசென்னையில், திருவொற்றியூர் தேரடியிலிருந்து நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே, தண்டையார்பேட்டைக்கு ஒருவர் வருகிறார். கடல் அவருக்குப் பீச்சாங்கைப் பக்கம். வடக்கு மேலே இருக்கும் படத்திலோ கடல் வலப்பக்கம். திசை பிடிபடுகிறவர் மனதுக்குள்ளேயே படத்தைத் திருப்பிக்கொள்வார். பிடிபடாதவருக்கு அதுதான் வராது. காகிதத்தையே தலைகீழாகப் பிடிப்பார். அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் அவர் செய்வதுதான் சரி. நிற்கிறவரின் திசையோடு பொருந்தாத வழிகாட்டிப் பலகை ஆளைத் தவறான பக்கம் அனுப்பிவிடும் என்பதை மார்வின் லெவின் என்ற உளவியலாளர் 1980களிலேயே ஆய்ந்து எழுதியிருக்கிறார்.

‘சுழல்’ ஏன் வேண்டாம்? கைப்பேசியில் படம் சுழலும், சரி. மெட்ரோ நிலைய வாசலில் மாட்டும் பலகை சுழலாது. எதிரே நிற்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அது மேலே வரும்படி வரைந்தால் போதும். ஒரே நிலையத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இரண்டு படம் வரைய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 1675இல் ஜான் ஓகில்பி இங்கிலாந்துச் சாலைகளை நீளப் பட்டைகளாக வரைந்தார். கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போகலாம். சாலை திரும்பினால் பட்டைக்குள் இருக்கும் திசைகாட்டி திரும்பியிருக்கும். அச்சடித்த தாளில் எதுவும் சுழலவில்லை. ‘தலைநிமிர்’ என்றால், விமானி தலை குனியாமலே பார்க்க எதிரே கண்ணாடியில் தெரியும் காட்சிக்கருவியோடு (head-up display) குழம்பும்.

‘முகம்’ நம்மிடம் ஏற்கெனவே திசையைக் குறிக்கும் சொல். கிழக்கு முகமாக உட்கார் என்கிறோம். வடக்கு மேலே உள்ள படம் ‘வடமுக வரைபடம்’ ஆகிவிடும், இணையாக. ‘செல்முக வரைபடம்’ என்றும் வைக்கலாம்தான், ஆனால் செல்பேசிப் படம் என்றே பலரும் படிப்பார்கள். ‘நடை’ என்றால் வண்டியில் போகிறவர் வரமாட்டாரே என்று கேட்கலாம். துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர் “இன்னைக்கு ரெண்டு நடை” என்றுதானே சொல்கிறார்? போக்குவரத்து முழுதும் அந்தச் சொல்லில் அடங்கும்.

வடமுகப் படத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. கொருக்குப்பேட்டை ரயில் பாதைக்கு எந்தப் பக்கம், வியாசர்பாடி அதற்கு எந்தப் பக்கம் என்று பகுதி முழுவதையும் மனதில் பதிக்க அதுவே நல்லது. வழி தேடும் நேரத்தில்தான் நடைமுகம் உதவும், அதிலும் அடையாளங்கள் இருந்தால். வெறும் ‘மணிக்கூண்டு’ என்று போட்டால் தங்கசாலையா ராயபுரமா என்று கேள்வி வரும். ஊர்ப்பெயரோடு சேர்த்துப் போட வேண்டும்.

வரையறை இப்படி இருக்கலாம்: ‘நடைமுக வரைபடம் – பார்ப்பவர் நோக்கியிருக்கும் அல்லது சென்றுகொண்டிருக்கும் திசை மேற்புறம் அமையுமாறு வரைந்த, அல்லது தானே திரும்பும் வரைபடம்.’ ‘தானே திரும்பும்’ என்பதைச் சேர்க்கலாமா, தனிப் பதிவாக வைக்கலாமா என்று சொல்லுங்கள்.