குடல் பாக்டீரியாவும் மைலோமாவும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு ஸ்மோல்டரிங் மைலோமா, அதாவது மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயின் அறிகுறியில்லாத முன்நிலை. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) கூடியிருக்கின்றன. எலும்பு, சிறுநீரகம் எதுவும் இன்னும் பாதிக்கப்படவில்லை. மருந்து கிடையாது, 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அந்தச் செல்கள் சுரக்கும் எம் புரதம் பார்ப்பதோடு சரி. முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 10% பேருக்கு இது முழு மைலோமாவாக மாறுமாம். ரிப்போர்ட் வரும் நாளில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார்.

2018இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வைப் படித்தேன். பிரிவோடெல்லா ஹெபாரினோலிட்டிகா என்ற பாக்டீரியா குடலில் டிஎச்17 என்ற எதிர்ப்புச் செல்களைப் பெருக்குகிறது. அவை மஜ்ஜைக்கே போய் ஐஎல்-17 என்ற அழற்சிப் புரதத்தைச் சுரந்து, ஈசினோஃபில்கள் என்ற வெள்ளணுக்களையும் உசுப்பிவிட, நோய் வேகமெடுக்கிறது. வேலியே பயிரை மேய்கிற கதைதான்! ஐஎல்-17ஐத் தடுத்தபோது வேகம் குறைந்திருக்கிறது.

இப்போது என் கவலை: போன மாதம் பல் சீழுக்காக அப்பா ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். அப்புறம் வயிறு சரியில்லை. உறவினர் ஒருவர் புரோபயாடிக் மாத்திரை வாங்கி வந்துவிட்டார். டாக்டரைக் கேட்காமல் கொடுக்க மனமில்லை, டப்பா பிரிக்காமலே இருக்கிறது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உங்கள் ரத்தவியல் மருத்துவர் என்ன சொன்னார்? மலத்தில் பாக்டீரியா பரிசோதனை செய்து ஏதாவது பயன் இருந்ததா? அடுத்த சந்திப்பில் நான் என்ன கேட்க வேண்டும்?