பேஸ்மென்டில் நீங்களே ட்ரைவால் அடிக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

கனடா வந்து முதல் வீடு வாங்கியவர்கள் சாவி கைக்கு வந்த வாரமே கேட்பது பேஸ்மென்டைப் பற்றித்தான். ஆள் வைத்தால் கூலி கட்டாது, நாமே ட்ரைவால் அடிக்கலாமா என்று. அடிக்கலாம். ஸ்கார்பரோவில் என் வீட்டு பேஸ்மென்டை நானேதான் செய்தேன், அப்புறம் மூன்று நண்பர்கள் வீட்டில் கூட நின்று செய்திருக்கிறேன். ஒன்றே ஒன்று: ஊரில் கொத்தனார் சுவர் பூசுவதைப் பார்த்து வளர்ந்த பழக்கத்தில் இதைத் தொடாதீர்கள். சிமென்ட் பூச்சைக் கனமாக அப்பலாம். ட்ரைவால் பலகைகளின் இணைப்பில் பூசுவதைக் கனமாக அப்பினால் வெடிக்கும்.

ட்ரைவால் என்பது இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம், அவ்வளவுதான். ஊரில் ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடுகிறார்களே, அதே சாதி. சுவருக்கு அரை அங்குல கனம் போதும். 4க்கு 8 அடி பலகை, லேசான வகை என்றால் ஏறக்குறைய 18 கிலோ இருக்கும். பின்னால் 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டம் நிற்கும், இங்கே ஸ்டட் என்பார்கள். ஸ்க்ரூ அதில்தான் பிடிக்க வேண்டும், நடுவில் வெற்றிடம்தான்.

பலகை வாங்கும் முன் நகராட்சியில் பர்மிட் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். புதிதாக அறை தடுப்பது, பாத்ரூம் போடுவது என்றால் பெரும்பாலும் வேண்டும். ஒன்டாரியோவில் மின் வேலைக்கு எலக்ட்ரிக்கல் சேஃப்டி அத்தாரிட்டியிடம் தனியாகப் பதிய வேண்டும். இன்ஸ்பெக்டர் வயரையும் இன்சுலேஷனையும் பார்த்த பிறகுதான் சுவரை மூட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வேலைக்கு வந்தவர் அவசரத்தில் முன்னாலேயே மூடிவிட்டுப் போய்விட்டார், கடைசியில் ஒரு சுவர் முழுவதையும் பிரிக்க வேண்டி வந்தது. அந்தக் காசு போனதை விட அந்த அம்மா அன்று அழுததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வீடு 1990க்கு முன் கட்டியது என்றால் பழைய சுவரை உடைக்கவோ தேய்க்கவோ செய்யாதீர்கள். அந்தக் காலத்து இணைப்புப் பூச்சிலும் சீலிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதற்கென்று இருப்பவர்களைக் கூப்பிட்டு மாதிரி எடுத்துச் சோதித்த பிறகு கை வையுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே பார்க்காதீர்கள்.

மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு சாமி ஷெல்ஃப் மாட்ட, டிவி மாட்ட, ஸ்டட் எங்கே, வயர் எங்கே என்று அந்தப் படம்தான் சொல்லும்.

அடிக்கும்போது சீலிங் முதலில், சுவர் அப்புறம். சீலிங்குக்குத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் ஹோம் டிப்போ கடையில் வாடகைக்குக் கிடைக்கும், தலையில் முட்டுக்கொடுத்துக் கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வெட்டுவது சுலபம்: முன்பக்கக் காகிதத்தைக் கத்தியால் ஒரு கோடு கீறி, பின்பக்கமாக மடக்கினால் 'டப்' என்று முறியும், பின்காகிதத்தை அறுத்தால் முடிந்தது. மரச்சட்டத்துக்கு ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ. அதன் தலை காகிதத்தைக் கிழிக்காமல் ஒரு சின்னக் குழி விழுகிற அளவுக்குத்தான் இறங்க வேண்டும், கிழிந்தால் பிடிமானம் போச்சு. தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். பேஸ்மென்டில் தண்ணீர் வந்தால் காகிதம் திரி மாதிரி மேலே உறிஞ்சும்.

இனிமேல்தான் வேலையே. பலகைகள் சேரும் இடத்தில் டேப் ஒட்டி மட் பூச வேண்டும். நம்ம ஊர்ப் பட்டி மாதிரிதான் இருக்கும், ஆனால் வாளியில் குழைத்தே வரும் மட் தண்ணீர் வற்றித்தான் காய்கிறது, வற்றும்போது சுருங்கும். நான் முதல் தடவை ஒரே பூச்சில் முடித்துவிடலாம் என்று தடிப்பாக இழுத்தேன், மறுநாள் காலையில் தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி நீளத்துக்கு வெடித்திருந்தது. மூன்று பூச்சு, மூன்றும் மெல்லிசாக. முதலில் ஆறு அங்குல அகலமுள்ள பூச்சுக் கத்தியால் மட் இழுத்து, ஈரத்திலேயே காகித டேப்பை அழுத்தி, அடியில் காற்று நிற்காமல் வழித்துவிடுங்கள். அடுத்தது பத்து அங்குலக் கத்தி, கடைசியில் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் முந்தையதை விட அகலமாகப் போய் ஓரத்தில் ஒன்றுமில்லாமல் கரைய வேண்டும். வலை டேப் சுலபம் என்று கடையில் சொல்வார்கள், ஆனால் அதன் மேல் முதல் பூச்சுக்குத் தூளாக வாங்கித் தண்ணீரில் குழைக்கும், தானே இறுகுகிற மட்தான் வேண்டும், வாளி மட் பூசினால் பின்னால் விரிசல் விடும்.

பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் விடுங்கள். ஈரமாக இருக்கும்போது சாம்பலாகத் தெரியும், நன்றாகக் காய்ந்தால்தான் வெளுக்கும். நடுவில் ஒரு திட்டு சாம்பலாக நின்றாலும் தொடாதீர்கள். கோடையில் பேஸ்மென்ட் ஈரத்துக்கு டீஹியூமிடிஃபையர் ஓடவிடுங்கள். கத்தி, தட்டு கழுவிய மட்டைச் சிங்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு மிச்சத்தை வாளித் தண்ணீரில் கழுவுங்கள்.

மூன்று பூச்சும் காய்ந்த பிறகு தேய்க்க உப்புத்தாள் 150 நம்பர் போதும். அழுத்தித் தேய்த்தால் பக்கத்துக் காகிதம் பஞ்சு மாதிரி எழும்பிவிடும். மாஸ்க் கட்டாயம், என்95 ஆவது போடுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை நிறுத்திக் காற்றுத் துவாரங்களை பிளாஸ்டிக் ஒட்டி மூடிவிடுங்கள், இல்லையென்றால் மேல்மாடிப் படுக்கையறை வரை வெள்ளைத்தூள் போய் உட்காரும். தேய்த்த பிறகு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஓரமாக அடித்துப் பாருங்கள். பகலில் கண்ணாடி மாதிரி தெரிந்த சுவரில் கத்திக் கோடு, குழி, டேப்பின் மேடு எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு மறுநாள் சரி செய்யுங்கள். பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், பெயின்ட் அதை இன்னும் காட்டித்தான் கொடுக்கும்.

பிரைமரை விட்டுவிடாதீர்கள். மட் ஒரு மாதிரி உறிஞ்சும், காகிதம் வேறு மாதிரி உறிஞ்சும், நேரடியாகப் பெயின்ட் அடித்தால் ஜாயின்ட் எல்லாம் பட்டை பட்டையாக மங்கித் தெரியும். புது ட்ரைவாலுக்கென்றே பிவிஏ பிரைமர் விற்கிறார்கள், அதில் ஒரு கோட், அப்புறம் பெயின்ட் இரண்டு கோட். ஒரு கேலன் சுமார் 350 முதல் 400 சதுர அடிக்கு வரும். சீலிங்குக்குப் பளபளப்பே இல்லாத ஃப்ளாட், அறைகளுக்கு லேசாக மினுங்கும் எக்‌ஷெல். கீழே இரண்டாவது சமையலறை போடுகிறவர்கள் அடுப்புப் பக்கம் நன்றாக மினுங்கும் செமிகிளாஸ் அடியுங்கள், தாளிப்பு எண்ணெயும் மஞ்சள் கையும் ஃப்ளாட் பெயின்ட்டில் பட்டால் துடைக்கத் துடைக்கப் பரவும். சாமி விளக்கின் கரி படிந்த இடத்தில் மேலேயே பெயின்ட் அடித்தால் திரும்பவும் பழுப்பாக ஊறி வரும், முதலில் துடைத்துவிட்டுக் கறை மறைக்கும் பிரைமர் ஒரு கை அடிக்க வேண்டும்.

மிச்சப் பெயின்ட்டை ஒரு சின்ன ஜாடியில் ஊற்றி, நிறத்தின் பெயர், நம்பர், எந்த அறை என்று எழுதி ஒட்டி வையுங்கள். ஜாடியைக் கராஜில் வைக்காதீர்கள், ஒரு குளிர்காலம் உறைந்தால் கெட்டுவிடும்.