‘சான்ஸ் சீட்லிங்’: தற்செயல் நாற்றா, தப்புமுளையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் பெயர் தெரியாத பழமரம் எந்த இரகம் என்று கண்டறிவது பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். திட்டமிட்ட கலப்பு இல்லாமல் விதையிலிருந்து தற்செயலாக வந்த மரத்தை ஆங்கிலத்தில் ‘சான்ஸ் சீட்லிங்’ என்கிறார்கள். அது வரும் இடத்தில் ‘தற்செயல் நாற்று’ என்று போட்டேன். இருபதடி மரத்தை நாற்று என்று எழுதக் கை கூசுகிறது. வேறு சொல் உண்டா?

•

ஐயா,

கூசத்தான் வேண்டும். நாற்றங்காலில் விதைத்து, பிடுங்கி நடுவதுதான் நாற்று. யாரும் விதைக்காமல் வந்ததைத் ‘தற்செயல் நாற்று’ என்றால் முன்சொல்லும் பின்சொல்லும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளுகின்றன.

‘தான்தோன்றி’ என்று யாரேனும் சொல்லக்கூடும். அடங்காத பிள்ளையைத் திட்டும் சொல் அது. போதாக்குறைக்குத் தான்றி என்று ஒரு மரமே இருக்கிறது. சிந்திய விதை தப்பிப் பிழைத்து முளைத்தால் ‘தப்புமுளை’. என் வாக்கு அதற்கே.

இந்தச் சொல் உங்கள் கட்டுரையின் முதல் பத்தியிலேயே வரட்டும். ‘இது என்ன இரகம்?’ என்று பழத்தைக் காட்டிக் கேட்பவர், மரத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருப்பதாக நம்பிக் கேட்கிறார். விதையில் வந்த மரத்துக்குப் பெரும்பாலும் பெயரே இராது. தாயின் பாதியும், எந்த மரத்து மகரந்தமோ அதன் பாதியும் சேர்ந்த புது ஆள் அது. ஆகவே பழத்துக்கு முன் அடிமரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் தண்டு புடைத்தோ, மேலும் கீழும் பட்டையின் நிறமும் சொரசொரப்பும் மாறியோ இருந்தால் அது ஒட்டுத் தழும்பு, அதாவது ஓர் இரகத்தின் குச்சியை வேறொரு செடியின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டிய இடம். அந்த மரத்துக்குப் பெயர் தேடலாம். காய்க்கும் கிளை தழும்புக்குக் கீழிருந்து கிளம்பியிருந்தாலோ, நாம் தின்பது ஒட்டைத் தாங்க அடியில் வைத்த வேர்ச்செடியின் பழம். வயதான மரத்தில் தழும்பு மறைந்துபோயிருக்கக்கூடும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

•

இருவருக்கும் வணக்கம்.

தப்புமுளை அழகான சொல்தான், ஆனால் இங்கே பாதிதான் பொருந்துகிறது. கிரானி ஸ்மித் ஆப்பிளுக்குச் சரி. ஆஸ்திரேலியாவில் 1868 வாக்கில் மரியா ஆன் ஸ்மித் என்ற அம்மையார், கொட்டிய ஆப்பிள் கழிவிலிருந்து முளைத்ததாகச் சொன்ன கன்று அது. ஹாஸ் வெண்ணெய்ப்பழத்துக்கு என்ன செய்வீர்கள்? கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் விலைகொடுத்து வாங்கி, தம் கையால் ஊன்றிய விதை. வேறு இரகத்தை அதில் ஒட்டுக்கட்டிப் பார்த்தார், ஒட்டுப் பிடிக்கவில்லை. மரம் தன் போக்கில் காய்த்தது. 1935இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதையும் சான்ஸ் சீட்லிங் என்றே சொல்கிறார்கள். எந்த மகரந்தம் வந்து சேர்ந்தது என்பதுதான் அங்கே தற்செயல்.

இன்றைய வாசகர் ‘தப்பு’ என்றதும் பிழை என்று படிப்பார் என்பது இன்னொரு தொல்லை.

என் பரிந்துரை ‘விதைத்தனிமரம்’: விதையில் வந்த, தன்னைப்போல் இன்னொன்று இல்லாத மரம். தனிமரம் தோப்பாகாது என்பார்கள். ஹாஸின் தனிமரம் ஒட்டுக்குச்சிகளாகப் போய்த் தோப்புத் தோப்பாக நிற்கிறது. அப்படிப் பெயரிட்டுப் பெருக்கிய பிறகுதான் அது இரகம். காட்டில் தானாக அமைந்த வகையிலிருந்து, மனிதர் வளர்த்துப் பெருக்கியதைப் பிரித்துக்காட்ட, அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1923இல் ‘கல்டிவர்’ என்று சொல் கட்டினார். நாம் அதற்கு இரகத்தையே வைத்துக்கொள்வோம். கட்டுரையில் ‘வகை’யும் ‘இரக’மும் மாறிமாறி வரவேண்டாம்.

•

அம்மா,

ஹாஸ் மரத்தைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு நான் என்ன சொல்ல? தப்புமுளையைத் தானே முளைத்ததற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் ‘தனி’யிலும் ஒரு முள் இருக்கிறது. எலுமிச்சை இனத்தில் பலவற்றிலும் மாவில் சில இரகங்களிலும் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வரும். அவற்றுள் பெரும்பாலானவை தாயின் நகல்கள். விதையில் வந்தவைதான், ஆனால் தனிமரங்கள் அல்ல. எனவே விதையில் வந்த எதற்கும் ‘விதைமரம்’, அவற்றுள் நகல் அல்லாததற்கு மட்டும் ‘விதைத்தனிமரம்’ என்று பிரிக்கலாமா?

மாங்கொட்டையின் மேலோட்டைப் பிளந்தால் உள்ளே பருப்பு ஒரே உருவாக இருக்கிறதா, துண்டு துண்டாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கலாம். துண்டு துண்டாக இருந்தால் அது பல முளை வரும் விதை. கட்டுரை எழுதும் ஐயா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.