அப்பாவுக்குக் கிட்னி கொடுக்கணும், ஜீன் ரிப்போர்ட் குழப்புது

பிறைக்காரன்:
வணக்கம். எனக்கு வயசு 31, பினாங்குல பிறையில் ஃபேக்டரி வேலை. அப்பாவுக்கு 63. ரெண்டு கிட்னியிலும் நீர்க்கட்டி, பரம்பரை நோய். வாரம் மூணு நாள் டயாலிசிஸ், பட்டர்வொர்த்துக்கு நான்தான் கொண்டுபோய் விடுறேன். என் கிட்னி ஒண்ணைக் கொடுக்கலாம்னு போனேன். ஸ்கேன்ல இடது பக்கம் ஒரே ஒரு சின்னக் கட்டி. "சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம், ஆனா உங்க குடும்பத்துல அப்படிச் சொல்லிட்டு விட முடியாது"ன்னு டாக்டர் சொல்லி, அப்பா ரத்தத்தை ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்துச்சு: இந்த நோயோட சம்பந்தப்பட்ட பிகேடி1 ஜீன்ல ஒரு எழுத்து மாறியிருக்கு, அதனால நோய் வருமான்னு உறுதியாச் சொல்ல முடியாதாம். இவ்ளோ காசு கட்டினது இதைக் கேட்கவா?

ரத்தத்துல இருந்தே தட்டுல குட்டிக் கிட்னி வளர்க்கிறாங்கன்னு ஒரு வீடியோ பார்த்தேன். ஆர்கனாய்டுன்னு பேரு. அப்பா ரத்தத்துல ஒண்ணு வளர்த்துப் பார்த்தா தெரிஞ்சிடாதா?

தண்ணீர்மலைத் தங்கம்:
தம்பி, நீ டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி உன் இன்சூரன்ஸ் பத்திரத்தை ஒருமுறை படிச்சிடு. மத்ததை முருகன் பார்த்துக்குவான்.

செந்தூல் அக்கா:
தம்பி, நான் கோலாலம்பூர்ல ஒரு ஆய்வகத்துல ஆர்கனாய்டு வளர்க்கிறவ. கிட்னி இல்ல, குடல். பெருங்குடல் புற்றுநோய்க்காரங்ககிட்ட எடுத்த துணுக்குல இருந்து வளர்ப்போம். டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுப் படிங்க.

வீடியோல அழகாத்தான் இருக்கும். கிட்ட வந்து பார்த்தா கடுகளவு கூட இராது. செல்களை ஒரு ஜெல்லுக்குள்ள வைக்கணும். நம்ம வீட்டு அகர்-அகர் ஆறினா உறையும். இது தலைகீழ், சில்லுன்னு இருந்தாத்தான் தண்ணியா ஓடும், சூடு பட்டா உறையும். பிப்பெட் முனையைக்கூட ஐஸ்ல வச்சுத்தான் எடுப்போம். ரெண்டு மூணு நாளைக்கு ஒருமுறை ஊட்டத் திரவம் மாத்தணும், ஞாயித்துக்கிழமைன்னு அதுக்குத் தெரியாது. ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்தா, இன்குபேட்டர்ல கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் காலி. சிவப்பா இருக்க வேண்டிய திரவம் புடவைக்கடை ராணிக் கலர்ல இருந்துச்சு. மூணு மாச உழைப்பு குப்பைக்கூடைக்கு.

இப்ப உங்க கேள்வி. ரத்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக்க முடியும். ஜப்பான் விஞ்ஞானி யமனாகா 2006-ல எலி செல்லுல செஞ்சார், 2007-ல மனுஷ செல்லுல, 2012-ல நோபல். அந்தச் செல்லுல இருந்து கிட்னி ஆர்கனாய்டு வளர்க்கலாம். 2015-ல ஃப்ரீட்மன்னு ஒரு ஆய்வாளரோட குழுவினர், க்ரிஸ்பர்ங்கிற ஜீன் கத்தரிக்கோலால பிகேடி ஜீனை வெட்டினாங்க. தட்டுலயே நீர்க்கட்டி முளைச்சுது. 2017-ல அதை ஒட்டாம மிதக்க விட்டப்போ கட்டி இன்னும் நிறைய வந்துச்சு.

ஆனா அவங்க வெட்டினது ஜீனோட ரெண்டு பிரதியையும். உங்க அப்பாகிட்ட ஒண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்த மாதிரி செல்லுல தட்டுல கட்டி லேசுல வராது. உடம்புலயே அது பெருகித் தொல்லை கொடுக்கப் பல வருஷம் ஆகுது. கட்டி வரலைன்னா அந்த எழுத்து குத்தமில்லைன்னு ஆகாது. க்ரிஸ்பரால அந்த ஒரு எழுத்தைத் திருத்தின ஜோடி ஒண்ணையும் பக்கத்துல வளர்த்து ஒப்பிடணும். ஆராய்ச்சிக்குச் சரி. உங்க அறுவை மேசைக்குத் தாங்காது.

பிகேடி1 ஒரு தொல்லை பிடிச்ச ஜீன், அதையும் கேட்டுக்குங்க. 16-ஆவது குரோமோசோம்லயே அதுக்கு ஆறு போலி நகல் இருக்கு. ஜீனைத் துண்டு துண்டாப் படிக்கிறப்போ அசல் எது போலி எதுன்னு கலந்துடும். அந்த மாற்றம் அசல்லதான் இருக்குன்னு நீளத்துண்டு பிசிஆர் (ஜீனை நீளமான துண்டா நகலெடுக்கிற முறை) வச்சு உறுதி பண்ணினாங்களான்னு கேளுங்க. கேட்க வெட்கப்படாதீங்க, காசு கட்டியிருக்கீங்க.

அந்தப் புரதத்துல 4,300 சொச்சம் அமினோ அமிலம். நடுவுல ஒண்ணு மட்டும் மாறினா ஆளைக் கெடுக்குமா கெடுக்காதான்னு சொல்ல, அதே மாற்றம் இருக்கிற பல பேரைப் பார்த்திருக்கணும். உலக ஜீன் பட்டியல்கள்ல வெள்ளைக்காரங்கதான் ரொம்ப அதிகம். நம்ம ஆளுங்களுக்கு 'உறுதியில்லை'ன்னு அடிக்கடி வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, தட்டை விடுங்க. குடும்பத்துல வேற யாருக்கு இருக்கு?

பிறைக்காரன்:
சுங்கைப்பட்டாணியில் பெரியப்பா, அவரும் டயாலிசிஸ். அவர் மகளுக்கும் கட்டி இருக்கு. அத்தைக்கு வயசு 60, ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல. ஆனா அத்தை வீட்டு விஷயமா அப்பாகூட எட்டு வருஷமாப் பேசறதில்ல.

செந்தூல் அக்கா:
அப்போ நீங்க தேடுறது அவங்க ரத்தத்துலதான். அதே எழுத்து மாற்றம் பெரியப்பாகிட்டயும் அவர் மகள்கிட்டயும் இருந்து, அத்தைகிட்ட இல்லைன்னா, குத்தவாளி இதுதான்னு பக்கம் சாயும். ஒருத்தர்கிட்ட மட்டும் ஒத்துப்போறது காசு சுண்டின மாதிரி, அதை நம்ப முடியாது. அதான் மூணு பேரையும் கேட்கிறேன். நோய் இருக்கிற பெரியப்பாகிட்ட அந்த மாற்றம் இல்லைன்னா, அதை விட்டுட்டு வேற தேடணும். காரணம் இதுதான்னு டாக்டர் முடிவு பண்ணின பிறகு உங்களுக்கு அந்த ஒரு எழுத்தை மட்டும் பார்த்தாப் போதும்.

பாயான் லெப்பாஸ் நர்ஸ்:
அக்கா சொன்னது சரி. நோய் இருக்கிற குடும்பத்துல 15-லிருந்து 39 வயசு வரைக்கும் அல்ட்ராசவுண்ட்ல மொத்தம் மூணு கட்டியாவது இருந்தாத்தான் நோய்னு சொல்லுவாங்க. உங்களுக்கு ஒண்ணு. பயப்பட வேண்டாம், ஆனா கொடுக்கப் போறவங்களுக்கு எம்ஆர்ஐ-யும் கேட்பாங்க, தயாரா இருங்க.

பிறைக்காரன்:
மூணு வாரம் கழிச்சு எழுதறேன். பெரியப்பாவும் அவர் மகளும் உடனே ஒத்துக்கிட்டாங்க. அத்தை வீட்டு வாசல்ல அரைமணி நேரம் நின்னேன். "அவனுக்காக இல்ல, உனக்காக"ன்னு சொல்லிட்டு கிளினிக்குக்கு வந்தாங்க. ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் எடுத்தப்போ முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. கிளம்பறப்போ வாசல் மரத்துல காய்ச்ச பெலிம்பிங் பழம் (நட்சத்திரப் பழம்) ஒரு பை நிறையக் கொடுத்து, "உங்கப்பனுக்கு இது பிடிக்கும்"னாங்க. பை இப்ப வண்டியில இருக்கு.

செந்தூல் அக்கா:
தம்பி! அந்தப் பையை அப்பா கண்ணுல காட்டாதீங்க. கிட்னி போனவங்களுக்கு பெலிம்பிங் நஞ்சு. விடாத விக்கல்ல ஆரம்பிச்சு மூளைக்கு ஏறி உயிருக்கே வினையாகும். நீங்களும் தொடாதீங்க, ஃபேக்டரியில யாருக்காச்சும் கொடுத்திடுங்க. அத்தைகிட்ட அப்பா சந்தோஷப்பட்டார்னு மட்டும் சொல்லுங்க.