கோத்தகிரியில 40 சென்ட்: மூணு கன்னுக்கும் "கிறிஸ்துமஸ் மரம்"னே சொல்றாங்க, எதை வைக்கிறது?

மேட்டுப்பாளையத்தான்:
கோத்தகிரி–ஊட்டி ரோட்டுல, 2,000 மீட்டர் உயரத்துல சரிவா 40 சென்ட் இருக்குதுங்க, பழைய தேயிலைக் காடு. மேற்கு எல்லையில காத்துத் தடுப்புக்கும், வாசல் பக்கம் அழகுக்கு ஒண்ணுமா ஊசியிலை மரம் வேணும். நர்சரியில இருக்கிற மூணு கன்னுக்கும் ஒரே பேர்தான் சொல்றாங்க.
அ) கிளை தட்டுத் தட்டா, ஒரே கணுவுல சுத்தி வருது.
ஆ) செதில் இலை, பொன் பச்சை, கசக்கினா எலுமிச்சை வாசம்.
இ) அரை இஞ்ச் ஊசி, உள்பக்கமா வளைஞ்சு தண்டைச் சுத்தி இருக்குது.
கீழ் மூலையில டிசம்பர், ஜனவரி விடியக்காலம் உறைபனி படியுமுங்க. எதை எங்க வைக்கலாம்?

நாத்தங்கால்:
அ, அரக்கேரியா. ஆ, மேக்ரோகார்ப்பா சைப்ரஸ்ல 'கோல்டுகிரெஸ்ட்' ரகம். இ, கிரிப்டோமேரியா, ஜப்பான் மரம், டார்ஜீலிங் மலையில 'தூப்பி'ன்னு சொல்றது இதைத்தான். மூணும் வேற வேற குடும்பமா இருந்த காலமும் உண்டு, இப்ப ஆவும் இயும் ஒரே குடும்பம்.

பேரை நம்பாதீங்க, இலையைப் பாருங்க. ஊசியை ஒரு கொத்தா உருவி எடுங்க. அடியில சின்ன உறைக்குள்ள ரெண்டு, மூணு, இல்ல அஞ்சு ஊசி சேர்ந்திருந்தா அது பைன். மூணு ஊசி இருந்து, நீளமா தொங்கினா பட்டுலாங்கிற பைன் இனம். அவ்வளவா தொங்காம கரும்பச்சையா இருந்தா ரேடியேட்டாங்கிற இனம். அந்த மூணு ஊசியையும் ஒண்ணா ஒட்டிப் பிடிச்சா உருண்டைக் குச்சி மாதிரி கச்சிதமா பொருந்தும்.

ஊசி தனித்தனியா இருந்து, ரெண்டு விரலுக்கு நடுவுல உருளுதா? அப்ப ஸ்ப்ரூஸ். தட்டையா உருளாம இருந்து, பிச்ச இடத்துல வட்டத் தழும்பு மட்டும் தெரிஞ்சா ஃபர். இந்த ரெண்டும் இமயமலைக் குளிருக்குப் பழகினது. மாசக்கணக்கா தூங்கி எந்திரிக்கணும். நீலகிரியில ராத்திரிதான் குளிர், பகல்ல வெயில். அதுனால இங்க அது சரிப்படாது. யாராச்சும் 'ஒரிஜினல் ஸ்ப்ரூஸ்'னு விலை சொன்னா, முதல்ல உருட்டிப் பாருங்க.

செதில் இலையில துஜாவும் சைப்ரஸும் குழப்பும். நம்ம நர்சரித் துஜாவோட இலைக்கிளை தட்டையா, அடுக்கி வெச்ச பொஸ்தகம் மாதிரி செங்குத்தா நிக்கும். காய்ல கொம்பு கொம்பா இருக்கும். சைப்ரஸ் காய் உருண்டை.

அப்புறம் சவுக்கு. 'ஊசி'யை இழுத்தா கணுக் கணுவாக் கழண்டு வரும், கணுவுல பொடிப் பல் இருக்கும். அது பூக்கிற மரம், இந்தச் சாதியே இல்லீங்க.

செம்மண்மேடு:
இடம் பத்திச் சொல்றேன். அரக்கேரியா 100 அடிக்கு மேல போற மரம். வீட்டுக்கும் கரண்டுக் கம்பிக்கும் 30 அடியாவது தள்ளி, ஒத்தையா வைங்க. நுனியை வெட்டினா அழகு போச்சு. அதுல குக் பைன்னு சொல்ற இனம் பூமத்திய ரேகைப் பக்கமா சாஞ்சே வளரும். நம்ம அட்சரேகையில சாய்வு கம்மிதான், ஆனா வாசல்ல வெச்சா கண்ணை உறுத்தும்.

காத்துத் தடுப்புக்கு கிரிப்டோமேரியா ரெண்டு வரிசை. வரிசைக்கு நடுவுல 8 அடி, மரத்துக்கு மரம் 8 அடி, மாத்தி மாத்தி. செவரு மாதிரி அடைச்சிராதீங்க. பாதிக் காத்து உள்ளே போனாத்தான் பின்னால சுழலாது. ஊசியிலை மரத்துல வெட்டினா திரும்பத் துளிர்க்கிறது அபூர்வம், இது துளிர்க்கும். குளிர்ல இலை செம்பழுப்பாகும், செத்துப் போச்சுன்னு பிடுங்கிராதீங்க.

சைப்ரஸை வேலிக்கு வெச்சா 3 அடி இடைவெளி. பச்சை இருக்கிற வரைக்கும்தான் கத்தரி போகணும். உள்ளே பழுப்புக் கட்டை வரை வெட்டினா அந்த ஓட்டை மூடவே மூடாது. அடி அகலமா, நுனி குறுகலா வெட்டுங்க, இல்லைன்னா நிழல்ல அடி காஞ்சிரும். மேக்ரோகார்ப்பாவுக்குப் பட்டைப் புண் நோய் வரும்: ஒரே ஒரு கிளை மட்டும் செவந்து, பட்டை குழிஞ்சு பிசின் வடியும். புண்ணுக்கு அரை அடி கீழே வெட்டி எரிச்சிருங்க, கத்தரியை ஸ்பிரிட்ல துடைங்க. தண்ணி இல்லாம வாடின மரத்துக்குத்தான் இது சீக்கிரம் வரும்.

கன்னு வாங்கறப்ப 5 அடி உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒன்றரை அடிக் கன்னே நல்லது. கவருக்குள்ள வேர் சுருண்டிருந்தா, மரம் பெருசானப்புறம் காத்துல வேரோட சாஞ்சிரும். நடற அன்னிக்கே கவரைக் கிழிச்சு, அடியில சுருண்டதை வெட்டி, பக்கவாட்டுல மூணு இடத்துல ஒரு செ.மீ. ஆழம் பிளேடு போடுங்க. குழி 2 அடிக்கு 2 அடி. வேர்க்கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேர்ற இடம், மண் மட்டத்துல இருக்கணும், புதைக்கக் கூடாது. பச்சைச் சாணம் போடாதீங்க, வேர் வெந்துரும். ஜூன் மழையில நட்டா, கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழையும் சேரும். ஜனவரியில இருந்து வாரம் ரெண்டு தடவை 10 லிட்டர் ஊத்துங்க.

மேட்டுப்பாளையத்தான்:
ரொம்ப நன்றிங்க. பைன் சீக்கிரம் வளருதே, மேற்கால அதையே வெச்சா என்னங்க? கீழ் மூலைக்கு எது?

நாத்தங்கால்:
பட்டுலா வேண்டாமுங்க. விதை காத்துல பறந்து புல்வெளியில முளைச்சுக்கிட்டே போகும், நீலகிரியில அது பெரிய தொந்தரவு. நாளைக்கு வேண்டாம்னு வெட்ட நினைச்சாலும், 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கணும். எந்த மரம் வெச்சாலும் இதை மனசுல வெச்சுக்கோங்க.

உறைபனி மூலையில குளிர்ந்த காத்து சரிவுல இறங்கி, தேங்கி நிக்கும். கீழே வேலி, செவரு எதாச்சும் அடைச்சிருந்தா ஒரு பக்கம் திறந்துவிடுங்க. அங்கே கிரிப்டோமேரியா தாங்கும், ஆனா முதல் ரெண்டு குளிர்காலம் இளங்கன்னுக்கு ராத்திரியில சாக்கு போர்த்தி, காலையில எடுத்துருங்க. அரக்கேரியாவை அங்கே வைக்கவே கூடாது.

கருமண்காடு:
இதைப் படிச்சு கோயமுத்தூர், பொள்ளாச்சியில இருக்கிறவங்க ஆசைப்பட்டா: சுண்ணாம்பு அதிகமுள்ள கருமண்ல பைன் மஞ்சளடிக்கும், இரும்புச் சத்து இருந்தும் வேர் எடுக்காது. கீழே துஜாவும் அரக்கேரியாவும் போதும். ஏற்காட்டுல பைன் வைக்கிறவங்க, பழைய பைன் மரத்தடி மண்ணு ரெண்டு கைப்பிடி குழியில போடுங்க. வேரோட சேர்ந்து வாழற பூஞ்சை அந்த மண்ணுலதான் இருக்குது. அது இல்லைன்னா கன்னு வருசக்கணக்கா அதே உயரத்துல நிக்கும்.