கடை மாவு வாங்கி வாங்கிக் கை மறந்துபோச்சா?

பள்ளிக்கரணை_வாசி:
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல, முட்டளவு தண்ணி. பாக்கெட் இட்லி மாவு வர்ற வழியே இல்ல. வீட்டுல அரிசி இருக்கு, உளுந்து இருக்கு, பால்கனியில பாட்டியோட ஆட்டுக்கல் மேல பூந்தொட்டி இருக்கு. குழவி எங்க போச்சுன்னே தெரியல. எத்தனை பங்கு அரிசிக்கு எத்தனை உளுந்துன்னு எனக்கும் தெரியல, மனைவிக்கும் தெரியல. போன்ல பார்க்க சார்ஜ் இல்ல. மூணு நாளும் கஞ்சி. வேலைக்கு ஓடுற ஓட்டத்துல ஒரே தலைமுறையில மாவு ஆட்டுற திறமையைத் தொலைச்சிட்டோம். வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை, வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதுக்குக்கூடவா நேரமில்ல? அம்மா கையால கலக்கி வச்ச மாவு மாதிரி எதுவும் புளிக்காது.

செம்பருத்தி:
"எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை"யா? உங்க தாத்தாவுக்குத் தெரியுமா தம்பி? எங்க வீட்டுல எட்டுப் பேருக்கு அம்மா ஒருத்திதான் ஆட்டுனாங்க. ராத்திரி தோளுக்குத் தைலம் தேய்ச்சுவிட்டது நான். எங்க ஊர்ல அப்ப தீபாவளி, பொங்கலுக்குத்தான் இட்லி, மத்த நாள் கூழும் களியும். அவ்வளவு உழைப்பு அது. கைப்பக்குவம்னு புகழ்ந்தே அவங்களை அந்தக் கல்லுகிட்ட உட்கார வச்சாங்க. 1955ல கோயம்புத்தூர்ல சபாபதி மின்சார கிரைண்டரைக் கொண்டுவந்தப்ப குழவி பிடிக்கிற திறமை போச்சேன்னு எந்தப் பொம்பளையும் அழுதிருக்க மாட்டா. அதுலயும் ஆட்டுறதைவிடக் கழுவுறது பெரும்பாடு. நான் காலைல 7 மணிக்குக் கிளம்பி ராத்திரி 8 மணிக்கு வர்றேன். பாக்கெட் மாவு எனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் குடுத்திருக்கு.

நுண்ணுயிரி:
ஒரு திருத்தம். மாவைப் பொங்க வைக்கிற லியூகோனோஸ்டாக் பாக்டீரியா பெரும்பாலும் உளுந்துலயே இருக்கு. கரண்டியால கலந்தாலும் புளிக்கும். அம்மாவோட கைக்கும் அதுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

மதுரை_மாவுக்கடை:
ஒன்பது வருசமா மாவு அரைச்சு விக்கிறேன். திறமை எங்கயும் தொலையல, என்கிட்ட இருக்கு. சித்திரையில ஐஸ் தண்ணி தெளிச்சுத்தான் உளுந்தை ஆட்டணும், கல் சூடேறுனா உளுந்து உபரி காணாது. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டா மிதக்கணும், அதுதான் பதம். பழைய உளுந்து வந்தா ஒரு கை கூடப் போடணும். இதெல்லாம் எந்தப் பாக்கெட்லயும் எழுதியிருக்காது.

என் கவலை வேற. வாங்குறவங்களுக்கு மாவைப் பார்க்கத் தெரியல. மூணாம் நாள் மாவைக் கெட்டுப்போச்சுன்னு கொட்டுறாங்க. அது ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும் ஏத்த மாவு. இன்னொரு பக்கம், சோடா உப்பைப் போட்டுப் பொங்க வச்சுத் தண்ணியைக் கலந்து விக்கிறவனும் இருக்கான். அவன்கிட்ட மறுபடியும் போய் வாங்குறாங்க. ஒரு தடவையாவது சொந்தமா அரைச்சவங்க அப்படி ஏமாற மாட்டாங்க.

செம்பருத்தி:
அது நியாயம்க்கா. நானே போன மாசம் புளிச்ச மாவைக் கொட்டுனேன். மனசு அடிச்சுக்குது. ஆனா கத்துக்கிறதுன்னா பொண்ணுங்க மட்டும் கத்துக்கணும்னு வர்ற இடத்துல நான் நிக்க மாட்டேன். என் பையன் ஒன்பதாம் வகுப்பு. அவனும் உளுந்து கழுவணும், கிரைண்டர் கல்லையும் கழுவணும். அப்படின்னா வீட்டுக்குள்ள அந்த வேலை வரட்டும்.

பள்ளிக்கரணை_வாசி:
தாத்தாவுக்குத் தெரியாதுதான் அக்கா. யோசிச்சா அப்பாவுக்கும் தெரியாது. எல்லாருக்கும்னு நான் எழுதுனது தப்பு. ஆனா மூணு நாள் அரிசியை வச்சுக்கிட்டு முழிச்ச முழி எனக்கு மறக்கல. கடைக்கார அக்கா, அளவு சொல்லுங்க. நானே அரைக்கிறேன்.

மதுரை_மாவுக்கடை:
நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும், உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். உளுந்தை முதல்ல போடு. தண்ணியை ஊத்தாதே, தெளி. பாத்திரத்துல பாதிக்கு மேல மாவு வைக்காதே.

பள்ளிக்கரணை_வாசி:
உளுந்து மாவு மிதந்துச்சு அக்கா! சாயங்காலம் 4 மணிக்குக் கலந்து வச்சேன், இப்ப ராத்திரி 12 ஆகுது. கொஞ்சம்கூடப் பொங்கல. கெட்டுப்போச்சா?

மதுரை_மாவுக்கடை:
மார்கழிக் குளிர் தம்பி. அடுப்புப் பக்கத்துல மூடி வச்சிட்டுத் தூங்கு. காலைல பாரு.